‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வரிக்குப் பின்னால்: சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், அவர்கள் தலைமையில் இயங்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களில் இடம்பெற்றுள்ள காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவத் துறை அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தருமபுரியில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் அலுவலகத்துக்கு வந்த வழக்குகளில் பெரும்பகுதி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து இடத்தைக் காவலர் நேரில் பார்த்து எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறுதி அறிக்கை என ஒவ்வொரு கேஸ் கட்டிலும் இருக்க வேண்டிய தாள்களைச் சேகரித்து, பக்க எண் இட்டு, நூல் கோத்துத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்வது என் பொறுப்பு. தொப்பூர் முதல் ஓசூர் வரை இந்த நெடுஞ்சாலையில் உயிர் இழந்தவர்களின் மனைவிமார்களும் தாய்மார்களும் எங்கள் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கேட்டுக் கேட்டுக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனதை அத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுகளைப் படித்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அவற்றில் ஊர் மாறும், வண்டி எண் மாறும், இறந்தவரின் பெயரும் வயதும் மாறும். மாறாமல் வருவது ஒரு வரி: இன்ன வண்டியை அதன் ஓட்டுநர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்து மோதினார். சில தாள்கள் தள்ளி மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இன்னொரு வரி இருக்கும்: விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதன்று. இந்த இரண்டு வரிகளோடு காரணம் என்ற கேள்வி மூடப்பட்டுவிடும். இவற்றை எழுதிய அலுவலர்களைக் குறை கூறுவது என் நோக்கம் இல்லை. குற்ற வழக்குக்கு வேண்டியது தவறு யாருடையது என்ற விடை. தீர்ப்பாயத்துக்கு வேண்டியது இழப்பீட்டை யார் தர வேண்டும் என்ற விடை. அந்த இரண்டு தேவைக்கும் அந்த வரிகள் போதும். ஆனால் அதே இடத்தில் அடுத்த மாதம் இன்னொருவர் இறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் அந்தக் கட்டில் விடை இராது. இந்தக் கேள்விக்கென்று தனியாக ஒரு விசாரணை நம் இரு மாவட்டங்களிலும் நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

என் அக்கா மகனின் கட்டை நானே தைத்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்துவிட்டு, இரவில் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்துகொண்டிருந்தவன், சாலையின் இடது ஓரத்தில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் மோதி அங்கேயே இறந்துபோனான். ஹெல்மெட் போட்டிருந்தான். முதல் தகவல் அறிக்கை அவன் மீதே பதிவானது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டியவன் என்று அவன் பெயரே எழுதப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இறுதி அறிக்கை முடிந்தது. அந்தத் தாளுக்குப் பக்க எண் இடும்போது என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

விபத்து நடந்த மூன்றாம் நாள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். லாரி அகற்றப்பட்டிருந்தது. சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு பெரிய கருங்கல் அப்படியே கிடந்தது. சக்கரம் உருளாமல் இருக்க முட்டுக் கொடுத்த கல். பக்கத்தில் இரண்டு மூன்று காய்ந்த புங்க மரக் கிளைகள். வண்டி பழுதாகி நிற்பதற்கு அடையாளமாக அந்தக் கிளைகளைத்தான் பின்னால் போட்டிருக்கிறார்கள். அடுத்த விளக்குக் கம்பம் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இல்லை. பின்னர் காவல் நிலைய வளாகத்தில் அந்த லாரியைப் பார்த்தேன். பின்பக்கம் சிவப்பு ஒளிர்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் சேறு படிந்து, பட்டையின் பாதி உரிந்துபோயிருந்தது. இவற்றில் ஒன்றும் பார்வை மகஜரில் இல்லை. வரைபடத்தில் ஒரு நீண்ட செவ்வகமும், அதை நோக்கி ஓர் அம்புக்குறியும், வடக்கு தெற்கும் இருந்தன.

அதன் பிறகு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை நொடி போனால் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து வண்டி நிற்க மேலும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் வேண்டும். ஆக, 50 மீட்டர். மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த வெளிச்சத்தில், ஒளிர்பட்டையும் விளக்கும் இல்லாத ஓர் இருண்ட லாரியின் பின்புறம் அதற்குள் தெளிவாகப் புலப்படுவது அரிது. அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குக் கீழே வந்தவனும் அங்கே மோதியிருப்பான். அவன் உண்மையில் என்ன வேகத்தில் வந்தான் என்பதை யாரும் அளக்கவில்லை. அந்த லாரி ஏன் அங்கே நின்றது என்பதையும் யாரும் கேட்கவில்லை. டயர் வெடித்ததா, ஓட்டுநருக்குத் தூக்கம் தாங்காமல் ஓரம் கட்டினாரா, போக வேண்டிய நகரத்துக்குள் கனரக வாகனங்களை அனுமதிக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தாரா? டயர் வெடித்து நின்றது என்றால், 1033 என்ற உதவி எண்ணுக்குத் தகவல் போனதா, சுற்றுக்காவல் வண்டி வந்து எச்சரிக்கைக் கூம்புகளை வைத்ததா என்று பார்க்க வேண்டும். தூக்கம் என்றால், அந்தப் பகுதியில் லாரிகள் ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காத்திருப்பு என்றால், அதற்கான தீர்வு மாவட்ட எல்லையைத் தாண்டிப் பேச வேண்டிய ஒன்று. மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வுகள் இருக்க, ஒன்றையும் தேடாமல் கட்டு மூடப்பட்டுவிட்டது. ஆபத்தான நிலையில் வண்டியை நிறுத்திவைப்பதைத் தடுக்கும் 122-ஆம் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்தும், அந்தக் கட்டில் அந்தப் பிரிவு எங்கும் குறிப்பிடப்படவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் அந்த ஆண்டு 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. 64,105 விபத்துகளும் 17,884 இறப்புகளும் இங்கே பதிவாயின. அதே அறிக்கையில் விபத்துகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அதிவேகம் என்ற காரணத்தின் கீழ் வருகின்றன. வேகம் கொல்லும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். ஆனால் நான் படித்த கட்டுகளில் சறுக்குத் தடத்தை நாடா பிடித்து அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணித்த ஒரு தாளையும் கண்டதில்லை. முதல் தகவல் அறிக்கையின் அந்த வழக்கமான வரியே அட்டவணையின் அதிவேகக் கட்டத்துக்கும் போய்ச் சேருகிறது என்று அஞ்சுகிறேன். அட்டவணையைப் பார்க்கும் மேலதிகாரி, நோய் இன்னது என்று முடிவுசெய்து, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைக்கு நிதி ஒதுக்குகிறார். சேறு படிந்த ஒளிர்பட்டைக்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

தொப்பூர்க் கணவாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் காரணத்தைத் தேடுவது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் மாவட்டத்தில் இல்லை. 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி அடுத்தடுத்துப் பல வாகனங்கள் மீது மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடி அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டு, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்து, கார் தீப்பற்றி, மறுபடி 4 பேர் இறந்தார்கள். இந்த இரண்டும் செய்தியில் பெரிதாக வந்தவை. வராதவை எங்கள் அலமாரியில் இருந்தன. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும் வண்டி பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டிக் கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வழியாக இறங்கும்போது, ஓட்டுநருக்கு அது மலைப்பாதை என்றே தோன்றாது. ஊட்டிச் சாலையில் கொண்டை ஊசி வளைவு தானாகவே அவரை எச்சரிக்கும். இங்கே அகலமான நெடுஞ்சாலை அதே அகலத்தில், அதே வழவழப்பில் சரிந்து செல்கிறது.

அந்தச் சரிவில் பாரம் ஏற்றிய வண்டிக்கு நேர்வதைத் தருமபுரியில் பிரேக் லைனிங் வேலை பார்க்கும் ஒரு முதிய மெக்கானிக் எனக்கு விளக்கினார். 40 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக மாறியே ஆக வேண்டும். கணக்கிட்டால் அது ஒரு லிட்டர் டீசல் முழுக்க எரிந்தால் வரும் வெப்பத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கிறது. வண்டி கீழ் கியரில் இருந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறக்கினால் முழுவதும் பிரேக் டிரம்மின் மேல் விழும். டிரம் சூடேறி விரிய, லைனிங் பிடிப்பு இழக்க, ஓட்டுநர் மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்றழுத்தத்தைத் தரும் கம்ப்ரஸரும் நின்றுபோகும். பிறகு டிரம் ஆறிவிடும். மோட்டார் வாகன ஆய்வாளர் ஆய்வுக்கு வரும்போது பிரேக் சரியாகவே வேலை செய்யக்கூடும். இயந்திரக் கோளாறு இல்லை என்று அவர் எழுதுவது பொய்யும் ஆகாது. கருகிய லைனிங்கைக் கழற்றிப் பார்த்தால்தான் நடந்தது தெரியும். அதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றச் சொல்லி எந்தப் படிவமும் அவரைக் கேட்பதில்லை.

இதற்கும் பின்னால் போகலாம். அந்த ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கியது ஏன்? ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று டீசல் அளவைக் கட்டிவிட்டு, மிச்சம் பிடித்தால் அவருக்கு, அளவைத் தாண்டினால் அவர் கையிலிருந்து என்று முதலாளி பேசியிருந்தால், அந்தப் பேச்சும் விபத்தின் காரணங்களில் ஒன்றாகிவிடுகிறது. எத்தனை மணி நேரமாக அவர் கண் மூடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அது மீறப்பட்டதா என்பதை நான் படித்த எந்தக் கட்டும் கேட்டதில்லை. தொப்பூரில் உயர்மட்டச் சாலைத் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பதை மனமார வரவேற்கிறேன். பலகைகளும் கேமராக்களும் வைத்ததற்கும் நன்றி. ஆனால் மேலுமலைக் கணவாயிலும், சூளகிரியை ஒட்டிய சாலையிலும், பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் 844-ஆம் எண் சாலையிலும் அதே ஓட்டுநர்கள் அதே டீசல் கணக்கோடுதான் போகிறார்கள். ஓரிடத்தில் பாலம் கட்டினால் அந்த இடத்தின் சரிவு தீரும். மற்றக் காரணங்கள் அடுத்த சரிவு வரை லாரியோடே பயணம் செய்யும்.

இதே தொப்பூர் மலையில் 2021 நவம்பர் 12 அதிகாலையில், தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு ரயில் தடம் புரண்டது. வண்டியில் 2,300-க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தும் ஒருவருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. அன்று ரயில் ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று யாரும் பேச்சைத் தொடங்கவில்லை. மழை, மலைச்சரிவு, உருண்டு விழுந்த பாறைகள் என்று காரணத்தில் இருந்தே பேச்சு தொடங்கியது. ரயில்வேயில் பெரிய விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ்கூட இல்லை. விசாரிப்பவர் விசாரிக்கப்படும் துறையின் கைக்குள் இருக்கக் கூடாது என்பதற்காக அவரை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். விமான விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, பழி சுமத்துவது அன்று என்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. இரண்டும் ஒரே மலை; தண்டவாளத்தில் நடந்தால் ஒரு வகைக் கேள்வி, அதற்கு அருகே தார்ச் சாலையில் நடந்தால் வேறு வகைக் கேள்வி. சாலையில் இறப்பவர்கள் ஒவ்வொருவராக, இருவராக இறப்பதால்தான் இந்த வேறுபாடு என்று நினைக்கிறேன்.

இன்னொரு கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் ஓர் ஊர். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போன ஒரு பெண், நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். வேகமாக வந்த கார் என்றது ஒரு தரப்பு. கடக்கக் கூடாத இடத்தில் கடந்தார் என்றது காப்பீட்டு நிறுவனத் தரப்பு. புகைப்படம் எடுப்பதற்காக அவருடைய மகனோடு நான் அங்கே போனேன். சாலை நடுவிலுள்ள தடுப்பில் அரளிச் செடிகள் அடர்த்தியாக வளர்ந்திருந்தன. ஓரிடத்தில் மட்டும் செடிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவே ஓர் அடி அகலத்துக்கு மண் இறுகி, வழவழவென்று ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. தடுப்புக் கல்லின் மேல் விளிம்பு காலடி பட்டுப்பட்டுத் தேய்ந்திருந்தது. ஒரு நாளில் விழுந்த பாதை இல்லை அது. ஊர் ஒரு பக்கமும், நிலமும் பால் சொசைட்டியும் மறுபக்கமும் இருக்க, நெடுஞ்சாலை நடுவே வந்த நாள் முதல் அந்த ஊர் மொத்தமும் அங்கேதான் கடந்துகொண்டிருக்கிறது. சுரங்கப்பாதை இருக்கும் இடத்துக்குத் தலையில் புல்லுக்கட்டோடு போய்த் திரும்பி வர அரை மணிக்கு மேல் ஆகும் என்று அந்தப் பையன் சொன்னான். நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் அந்த வழியாகக் குதித்துக் கடந்துபோனார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்க வாயெடுத்து, வேறு எந்த வழியைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

அந்தப் பாதை யார் கண்ணுக்கும் தெரியக்கூடியது. தடுப்பில் விழுந்த ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும், இங்கே கடக்க வழி வேண்டும் என்று அந்த ஊர் காலால் எழுதிவைத்த மனு என்றே நான் கருதுகிறேன். ஆனால் மத்திய அரசின் வரையறைப்படி, ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அதன் பின்னரே அது விபத்துக் கரும்புள்ளி ஆகும். நிதியைப் பகிர்ந்தளிக்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், இந்த அளவுகோலின்படி அந்த ஊர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எதற்குக் காத்திருக்கிறது என்பதை எழுதவே மனம் கூசுகிறது. முதல் இறப்பையே முறையாக ஆராய்ந்தால், இரண்டாவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நான் கேட்பது சட்டத்துக்குப் புதியதும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 135-ஆம் பிரிவு, விபத்துகளின் காரணங்களை ஆழமாக ஆராய்வதற்கான திட்டங்களை மாநில அரசு வகுக்கலாம் என்கிறது. 2019 திருத்தம் அந்த அதிகாரத்தை மத்திய அரசுக்கும் தந்தது. அதே திருத்தத்தில் வந்த 198-ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறி அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அந்தப் பிரிவு சேர்க்கப்பட்ட ஒரு கட்டையும் நான் பார்த்ததில்லை. சாலைக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியே எழாதபோது அந்தப் பிரிவு எங்கிருந்து வரும்? கோயம்புத்தூர் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கின் பயனாகவே நாடு முழுவதும் சாலைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வலுப்பெற்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நம் மண்ணிலிருந்து போன வழக்கு அது.

கருவிகளும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. சென்னை ஐஐடியின் பங்களிப்போடு உருவான ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் தளம் முதலில் தொடங்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலிருந்தே காவலர் கைபேசியில் இடக்குறிப்போடு படங்களைப் பதிவேற்ற, போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவத் துறைகள் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. நான்கு துறைகளும் நான்கு மேசைகளிலிருந்து தனித்தனியே நிரப்புவதற்குப் பதிலாக, ஒரே நாளில் ஒரே இடத்தில் ஒன்றாக நின்று நிரப்பினால் அதுவே பாதி விசாரணை. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டது. ஒரு லாரி கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது, பாளையத்தை எத்தனை மணிக்குத் தொட்டது என்பது பதிவில் இருக்கிறது; தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். அதற்கு முந்தைய இரவு முதல் அது தாண்டி வந்த சாவடிகளை வரிசைப்படுத்தினால், ஓட்டுநர் எங்காவது படுத்து உறங்கினாரா என்பதும் தெரிந்துவிடும். அதிவேகம் என்று ஊகித்து எழுதுவதற்கு மாறாக, இன்ன வேகம் என்று எண்ணால் எழுத முடிகிற காலம் இது.

ஆகவே, இரு குழுக்களும் சேர்ந்து, இரு மாவட்டத் தேசிய நெடுஞ்சாலைகளில் உயிரிழப்பு நேரும் ஒவ்வொரு விபத்தையும் ஒரு வாரத்துக்குள் ஒரு கூட்டுக் குழு நேரில் ஆராய ஆணையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காவல் ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர், நெடுஞ்சாலைப் பொறியாளர், 108 ஊர்தியில் வந்த மருத்துவ உதவியாளர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர், அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் என்று அந்தக் குழு இருந்தால் போதும். விபத்து பகலில் நடந்திருந்தால் பகலிலும், இரவில் நடந்திருந்தால் கட்டாயம் இரவில் அதே மணிக்கும் அவர்கள் அங்கே போய் நிற்க வேண்டும். என் அக்கா மகன் இறந்த இடத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தவருக்கு அங்கே ஒரு குறையும் தெரிந்திராது. இந்த ஆய்வின் முடிவு குற்ற வழக்கிலோ இழப்பீட்டு வழக்கிலோ யாருக்கு எதிராகவும் சான்றாகப் பயன்படாது என்ற உறுதியை உரிய சட்ட வழியில் பெற்றுத் தர வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கியதைச் சொல்ல மாட்டார், பொறியாளர் விளக்கு எரியாததைச் சொல்ல மாட்டார்.

இது பெரிய நாடுகளால்தான் முடியும் என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்வீடன் சாலைச் சாவே கூடாது என்ற இலக்கை 1997-இல் தன் நாடாளுமன்றத்தில் ஏற்று, உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்தையும் இப்படி ஆழ்ந்து ஆராய்ந்துவருகிறது என்பது உண்மைதான். ஆனால் கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே 2011 முதல் ராஸ்ஸி என்ற பெயரில், வாகன நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக, ஆய்வாளர்கள் விபத்து இடத்துக்கே போய்ச் சறுக்குத் தடம், வண்டியின் சேதம், காயத்தின் தன்மை ஆகியவற்றைப் பதிவுசெய்து காரணங்களைத் தொகுத்துவருகிறார்கள். ஒரு பகல் பயணத் தொலைவில் உள்ள அந்த அனுபவத்தை அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. நேரில் கண்டவன் நான். அங்கே மருத்துவர்கள் அறியும் ஒன்று, எதனால் உயிர் போனது என்பது, சாலைப் பொறியாளரையும் போய்ச் சேர வேண்டும். லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் கார் நுழைந்துவிட்டதால் தலையிலும் கழுத்திலும் பட்ட காயமா, சாலையோர இரும்புத் தடுப்பின் முனை குத்திய காயமா என்பதைப் பிரேதப் பரிசோதனைச் சான்று காட்டிவிடும். இன்று அந்தச் சான்று நீதிமன்றத்துக்கு மட்டுமே போகிறது.

ஆய்வு அறிக்கை ஒன்றோ இரண்டோ பக்கத்தில், தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் வெளியிடப்பட வேண்டும். பெயர்கள் வேண்டாம். என்ன நடந்தது, எதெல்லாம் சேர்ந்து அதற்குக் காரணமாயின, எதை எந்தத் துறை எந்தத் தேதிக்குள் சரிசெய்யும் என்று இருந்தால் போதும். அடுத்த குழுக் கூட்டத்தில் முதலில் பழைய தேதிகளைப் படித்துப் பார்த்துவிட்டுப் புதிய விபத்துகளுக்குப் போகலாம்.

வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்கு வந்த ஒவ்வொரு உயிரிழப்பு வழக்கிலும் விபத்து நடந்த இடத்தை, மைல்கல்லோ பாலமோ கடையோ ஏதாவது ஓர் அடையாளத்தோடு, ஒரு நீள நோட்டில் குறித்துவந்தேன். மூன்று நோட்டுகள் ஆகிவிட்டன. பெயர்களை மறைத்துப் படி எடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் நாள் குறித்தால், அவற்றைக் குழுவிடம் நேரில் ஒப்படைக்கிறேன். அரளிச் செடிகளுக்கு நடுவே இருக்கும் அந்தப் பாதையை யாராவது பார்க்க விரும்பினால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே கூட்டிப்போகவும் தயாராக இருக்கிறேன்; ஊர் மக்கள் கடக்கும் நேரம் அது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
தருமபுரி.